கல்லின் காலம் கண்ட கமக்காரர்

எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழிகளுள் ஒன்று. விடாமுயற்சியின் பயனை மாணாக்கர்க்கு உணர்த்துதற்கு நாம் அதனை எடுத்தாளுகின்றோம். அப்பழமொழியின் நேர்ப்பொருளையே எடுத்துக்கொண்டு, கல் எவ்வாறு தேய்கின்றது, தேய்ந்த கல் எங்கே செல்கின்றது, சென்றது மீண்டு வருமோ என வினாவி, அவ்வினாக்களுக்கு விடை காணுதற்காகத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் ஸ்கொத்லாந்து தேசத்திலே வாழ்ந்தார். ஜேம்ஸ் ஹற்றன் என்பது அவர் பெயர். புவிச்சரிதவியல் என வழங்கும் நிலநூலுக்கு அவரைத் தந்தையெனப் போற்றுதல் அறிஞர் மரபு.

மாரிகாலத்திலே பெருமழை பொழிந்து ஓய்ந்த பின்னர் வாய்க்கால்களில் ஓடும் நீரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அது தெளிந்த நீரன்று, கலங்கல் நீர். அக்கலங்கல் யாது? வயலின் மண், மேட்டுநிலத்தின் மண், மலையின் மண். அஃது ஆற்றிற் சேர்ந்து கடலை அடைகின்றது. ஒரு நாளில் ஒரு வாய்க்காலிற் செல்வது சிறிதே. ஆயின், உலகத்து ஆறுகள் யாவும் ஆண்டுதோறும் இவ்வாறே மண்ணைக் கடலிற் கொண்டுபோய்ச் சேர்க்குமாயின், நிலமென ஒன்று எஞ்சியிருத்தல் எங்ஙனம்? மலைகள் யாவுந் தேய்ந்து, உலகம் ஒரு காலத்திற் கடலுள் அடங்கிவிட வேண்டுமன்றோ? இவ்வினாவே ஹற்றனுடைய உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அவர் கண்ட விடையையும், அவ்விடையின் பொருட்டு அவர் பட்ட பாட்டையும் இங்கே சுருங்கக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஹற்றன் 1726 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து வணிகர். நகரசபையின் பொருளாளராகவும் இருந்தவர். மகனுக்கு ஏறக்குறைய மூன்று வயதாயிருக்கும்போது தந்தையார் காலமானார். தாயாரே பிள்ளைகளை வளர்த்துக் கல்வி பயிற்றினார். தந்தையார் விட்டுச்சென்ற சொத்துக்களுள், நகரத்துக்குத் தென்கிழக்கே பெரிக்சயர் என்னும் பகுதியிலுள்ள சிலைஹவுசஸ் என்னுங் கமமும் ஒன்று. அக்கமம் பிற்காலத்தில் அவர் வாழ்க்கையையே மாற்றவிருந்தது.

பதினான்காம் வயதில் ஹற்றன் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே தருக்கநூற் பேராசிரியர் ஒருவர், ஏதோ ஒரு நியாயத்தை விளக்கும்போது, தனித்தனியே பொன்னைக் கரைக்கமாட்டாத இரண்டு திராவகங்கள் ஒன்றுசேர்ந்தவுடன் அதனைக் கரைத்துவிடும் என்பதை எடுத்துக்காட்டாகக் கூறினார். தருக்கம் மறந்துபோயிற்று, எடுத்துக்காட்டு உள்ளத்திற் பதிந்தது. அன்று தொட்டு இரசாயனநூல் அவருக்கு உயிராயிற்று. ஆசிரியர் போகிறபோக்கிற் சொல்லும் ஒரு சொல் மாணாக்கன் ஒருவனது வாழ்க்கையைத் திருப்பிவிடுதல் உண்டென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பின்னர் 1743 ஆம் ஆண்டிற் சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்துவேலை பயிலச் சேர்ந்தார். ஆவணங்களைப் படியெடுக்க வேண்டிய இளைஞர், உடன் வேலைசெய்வோரைக் கூட்டிவைத்து இரசாயனப் பரிசோதனைகள் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். இவர் இத்தொழிலுக்கு ஏற்றவரல்லர் எனக் கண்ட சட்டத்தரணி, அவரை அன்போடு விடுவித்து அனுப்பினார். அக்காலத்தில் இரசாயனத்தோடு நெருங்கிய தொடர்புடையது வைத்தியநூலே. ஆதலின் எடின்பரோவிலும், பின்னர் பரிஸ் நகரத்திலும் அதனைப் பயின்று, ஒல்லாந்து தேசத்து லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1749 ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சி, உடம்பினுள்ளே குருதி சுற்றியோடுதலைப் பற்றியது. சென்றது மீண்டுவரும் சுற்றோட்டம் என்னுங் கருத்து அக்காலத்திலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது எனக் கருதுவாரும் உளர்.

இக்காலத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு நிழலும் படிந்தது. மணவினைக்குப் புறம்பாக அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகனுக்கு அவர் பொருளுதவி செய்தாராயினும், தம் வாழ்க்கையில் அவனுக்கு இடமளித்தாரில்லை. நண்பர்கள் பலரும் அச்செய்தியை அவர் இறந்த பின்னரே அறிந்தனர். அவர் பின்னர் மணஞ்செய்துகொள்ளவும் இல்லை. பெரியோர் வரலாற்றை எழுதும்போது நிறைவை மாத்திரம் எழுதிக் குறையை மறைத்தல் முறையன்றாதலின் இதனையுங் கூறினாம்.

ஏர் பிடித்த வைத்தியர்

பட்டம் பெற்ற ஹற்றன் வைத்தியத் தொழிலை மேற்கொள்ளவில்லை. தந்தையாரின் கமத்தைத் தாமே பயிரிட எண்ணினார். எண்ணியவர், தொழிலறியாது நிலத்தில் இறங்கவில்லை. 1752 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நோபோக் பகுதிக்குச் சென்று, கமக்காரர் ஒருவர் வீட்டிலே தங்கி, உழவுத் தொழிலை முறையாகக் கற்றார். அங்கே நடந்து திரிந்தபோது, கண்ட குழிகளையும் பள்ளங்களையும் ஆற்றுப்படுகைகளையும் எட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு உண்டாயிற்று. மண்ணுக்கு அடியில் யாது உளது என்னும் ஆவல் அன்று தொடங்கி ஒருநாளும் அவரை விட்டு நீங்கவில்லை.

1754 ஆம் ஆண்டிற் சிலைஹவுசஸ் கமத்துக்கு வந்தார். வரும்போது நோபோக்கிலிருந்து உழவர் ஒருவரையும் உடன் அழைத்துவந்தார். கற்களைப் பொறுக்கியும், நீர் வடிதற்கு வாய்க்கால் வெட்டியும், புதுமுறை ஏரினால் உழுதும், ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அந்நிலத்திற் பாடுபட்டார். ஏட்டுக்கல்வி பெற்றவர் ஏர் பிடித்தலை இழிவென எண்ணுவார்க்கு இவர் வாழ்க்கை நல்லதொரு பாடமாகும்.

கமத்திலே அவர் கண்டது யாது? பாறை வெயிலிலும் மழையிலும் கிடந்து நாளடைவில் உதிர்ந்து மண்ணாகின்றது. வெடிப்பினுட் புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து பனிக்கட்டியாகும்போது பருத்துக் கல்லைப் பிளக்கின்றது. மழைநீர் வளியிலுள்ள கரிவாயுவைச் சிறிது ஏற்றுப் புளிப்புத் தன்மை பெற்றுச் சுண்ணக்கல்லைக் கரைக்கின்றது. கருங்கல்லின் ஒரு பகுதி காலப்போக்கிற் களிமண்ணாகின்றது. எஞ்சிய பகுதி மணலாகின்றது. இதனை வானிலையாலழிதல் என நம் பாடநூல்கள் கூறும். இவ்வழிவு இல்லையேல் மண் இல்லை. மண் இல்லையேற் பயிர் இல்லை. பயிர் இல்லையேல் உயிர்கள் இல்லை. ஆகவே கல் அழிதல் உலகத்துக்கு நன்மையேயாகும்.

ஆயினும் அந்த மண் நிலைத்து நிற்பதன்று. அவர் பாடுபட்டுப் பண்படுத்திய வயலின் மண்ணை மழை வாய்க்காலிற் சேர்த்தது. வாய்க்கால் ஆற்றிற் சேர்த்தது. ஆறு கடலிற் சேர்த்தது. இஃது அரிப்பு. மண் உண்டாதற்கு மலை அழியவேண்டும். அழிந்த மலையோ கடலுக்குப் போய்விடுகின்றது. இவ்வாறாயின், உயிர்களைத் தாங்குதற்கென அமைந்த இந்நிலம், தாங்குந் தொழிலினாலேயே தேய்ந்து முடியவேண்டும். வரவு இல்லாது செலவு மாத்திரம் உள்ள குடும்பம் எத்தனை நாள் வாழும்? ஆகவே நிலத்துக்கும் எங்கோ ஒரு வரவு இருத்தல் வேண்டுமென ஹற்றன் துணிந்தார்.

நண்பர் குழாம்

1767 ஆம் ஆண்டளவிற் கமத்தைக் குத்தகைக்கு விட்டு, எடின்பரோவுக்கு மீண்டு, தம் சகோதரிமார் மூவரோடும் வாழலானார். புகைக்கரியிலிருந்து நவச்சாரம் எடுக்கும் தொழிலில் நண்பர் ஒருவரோடு அவருக்குப் பங்கு இருந்தது. ஆதலின் வருவாய்க்குக் குறைவில்லை. போர்த், கிளைட் என்னும் இரண்டு ஆறுகளை இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டபோது, 1767 முதல் 1774 வரை அதன் நிருவாகக் குழுவிற் பணியாற்றினார். கால்வாய்க்கென அகழ்ந்த நிலம் அவருக்குத் திறந்துவைத்த நூலாயிற்று.

அக்காலத்து எடின்பரோ அறிஞர் பலர் கூடிய நகரம். கரிவாயுவை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜோசப் பிளாக், பொருளியல் வல்லுநராகிய அடம் ஸ்மித், நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாற் ஆகியோர் ஹற்றனுக்கு நண்பர்கள். அவர் வீட்டுக்கு எதிரே சோல்ஸ்பரிப் பாறைகள் எனப்படும் கரிய செங்குத்துப் பாறைத்தொடர் தோன்றும். அங்கே அடுக்கடுக்காகக் கிடந்த மணற்கல்லுக்கு இடையே வேறொரு கரும்பாறை புகுந்து, அடுக்குகளை வளைத்தும் பெயர்த்தும் நிற்றலை அவர் கண்டார். உருகிய நிலையிற் பாய்ந்தாலன்றி ஒரு கல் மற்றொரு கல்லினுள் அவ்வாறு புகமுடியாது. நிலத்தின் அடியிலே பெருவெப்பம் உண்டு என்பதற்கு அவருக்குக் கிடைத்த சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அவர் கண்ட கொள்கை

அக்காலத்து ஐரோப்பியரிற் பெரும்பாலோர், உலகம் தோன்றி ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என எண்ணினர். ஜேர்மனி தேசத்திலே வேர்ணர் என்னும் புகழ்பெற்ற ஆசிரியர், பாறைகள் ஏறக்குறைய யாவும் ஆதியில் உலகை மூடியிருந்த பெருங்கடலினின்று படிந்தவையென்றும், எரிமலைகள் நிலத்தடியிலுள்ள கரி தீப்பற்றுதலால் உண்டாகும் அண்மைக்காலச் சிறு நிகழ்ச்சிகளென்றுங் கற்பித்தார்.

1755 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் தேதி போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும், கடற்பெருக்காலும், தீயாலும் அழிந்து பல்லாயிரவர் மாண்ட செய்தி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியிருந்தது. அதனை மக்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையென்றே பலர் கூறினர்.

இவற்றுக்கு மாறான ஒரு கொள்கையை ஹற்றன் 1785 ஆம் ஆண்டு எடின்பரோ உரோயல் சங்கத்தில் வெளியிட்டார். மார்ச்சு மாதம் 7 ஆந் தேதி அவர் நோயுற்றிருந்தமையால் முதற்பகுதியைப் பிளாக் வாசித்தார். ஏப்பிரில் மாதம் 4 ஆந் தேதி எஞ்சிய பகுதியை ஹற்றன் தாமே வாசித்தார். அக்கொள்கையின் சாரம் வருமாறு: நிலம் தேய்ந்து கடலிற் சேர்ந்த மணலும் சேறும் சிப்பியும் கடலின் அடியிலே படைபடையாகப் படிகின்றன. அவை அடியிலுள்ள வெப்பத்தாலும் மேலுள்ள பாரத்தாலும் இறுகிப் பாறையாகின்றன. பின்னர் அவ்வெப்பமே அவற்றை மேலே உயர்த்திப் புதிய நிலமாக்குகின்றது. உயர்ந்த நிலம் மீண்டும் தேய்கின்றது. எரிமலைகள் மக்களை அச்சுறுத்துதற்கு எழுந்தவையல்ல. நிலத்தடி உலையின் புகைவாய்கள் அவை. உள்ளே மிகுந்த விசை அவற்றின் வழியாக வெளியேறாதாயின் நிலம் அளவுக்குமீறி உயரும், நடுக்கங்களும் கொடியனவாகும்.

அடுத்து அவர் கூறியதே அவர் காலத்தாரைத் திடுக்கிடச் செய்தது. இத்தொழில்கள் யாவும் இன்று நம் கண்முன் எவ்வாறு நிகழ்கின்றனவோ அவ்வாறே பண்டும் நிகழ்ந்தன என்றார். மழை சொரிதல், ஆறு அரித்தல், அலை மோதுதல் ஆகிய மெல்லிய தொழில்களே மலைகளைக் கரைத்து நிலங்களை ஆக்கினவாயின், அதற்கு ஆறாயிரம் ஆண்டுகள் எம்மாத்திரம்? அளவிட இயலாத நெடுங்காலம் வேண்டும். உலகத்துக்குத் தொடக்கமே இல்லையென அவர் கூறவில்லை. பாறைகளை மாத்திரம் நோக்குவோர்க்கு அத்தொடக்கம் புலப்படவில்லை என்றே கூறினார்.

சான்று தேடிய பயணங்கள்

கொள்கையை வெளியிட்ட பின்னர் அதற்குச் சான்று தேடி, அறுபது வயதை அணுகிய ஹற்றன் மலைகளிலும் கரைகளிலும் அலைந்தார். 1785 ஆம் ஆண்டிலேயே கிளென் ரில்ற் என்னும் மலைப்பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்கே ஆற்றுப்படுகையில், செந்நிறக் கருங்கல் நரம்பு நரம்பாகக் கரிய பழம்பாறையினுட் பாய்ந்திருத்தலைக் கண்டார். கருங்கல்லே உலகின் முதற்பாறை, ஆதிக் கடலிற் படிந்தது என்பார் கூற்று அங்கே பொய்த்தது. தனக்கு முன்னிருந்த பாறையைப் பிளந்து உருகிய நிலையிற் புகுந்தது அதனினும் இளையதன்றோ? அவர் அடைந்த பெருமகிழ்ச்சியைக் கண்ட வழிகாட்டிகள், இவர் பொன்னையோ வெள்ளியையோ கண்டுவிட்டார் என்றே எண்ணினராம்.

1788 ஆம் ஆண்டில் நிகழ்ந்த பயணம் அதனினும் சிறந்தது. கணிதப் பேராசிரியர் ஜோன் பிளேபெயர், கரையோரத்தில் நிலமுடைய சேர் ஜேம்ஸ் ஹோல் என்னும் நண்பர் இருவரோடும் படகிலேறிப் பெரிக்சயர்க் கரையோரமாகச் சென்று, சிக்கர் முனை என்னும் இடத்தில் இறங்கினார். அங்கே கீழ்ப்பாறையின் படைகள், தட்டில் நிறுத்திவைத்த ஏடுகள்போல ஏறக்குறைய நிமிர்ந்து நின்றன. அவற்றின்மேற் செந்நிற மணற்கல்லின் படைகள், விரித்த பாய்கள்போலச் சற்றே சாய்ந்து கிடந்தன. மேற்படையின் அடியிற் கீழ்ப்பாறையின் உடைந்த துண்டுகள் பதிந்திருந்தன.

இக்காட்சியின் பொருளை ஹற்றன் நண்பர்க்கு விளக்கினார். நிமிர்ந்து நிற்கும் படைகள் நிமிர்ந்தவாறே படிந்திரா. அவை முதலிற் கடலடியிற் கிடையாகப் படிந்தன, இறுகிப் பாறையாயின, நிலத்தின் அசைவினால் மடிந்து நிமிர்ந்தன, உயர்ந்து மலையாயின. அம்மலை மழையாலும் ஆற்றாலும் தேய்ந்து தட்டையாயிற்று. தேய்ந்த முகத்தின்மேற் புதிய மணல் படிந்து அதுவும் பாறையாயிற்று. இரண்டும் ஒருங்கே உயர்ந்து இன்று கடலலையால் மீண்டுந் தேய்கின்றன. இதனைக் கேட்டு நின்ற பிளேபெயர், காலத்தின் ஆழத்தை எண்ணித் தம் தலை சுற்றியதாகப் பிற்காலத்தில் எழுதினார். கீழ்ப்பாறையின் வயது ஏறக்குறைய 43 கோடி ஆண்டென்றும், மேற்பாறையின் வயது ஏறக்குறைய 37 கோடி ஆண்டென்றும் பின்வந்தோர் கணக்கிட்டுள்ளனர். உள்ளங்கை வைத்து மறைத்துவிடக்கூடிய அவ்விணைப்பினுள்ளே ஆறு கோடி ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

எதிர்ப்பும் நோயும்

ஹற்றனுடைய கட்டுரை 1788 ஆம் ஆண்டில் அச்சேறியது. பாராட்டினார் சிலர்; பாராமுகமாயிருந்தோர் பலர். 1793 ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் ரிச்சேர்ட் கிர்வன் கடுமையாகத் தாக்கி எழுதினார். இக்கொள்கை திருமறைக்கு முரணானது, நாத்திகத்துக்கு வழிசெய்வது என்பது அவர் சாட்டிய குற்றம். உண்மையில் ஹற்றன் நாத்திகரல்லர். இறைவன் உலகத்தை உயிர்களின் நலத்துக்காகவே, தேய்ந்தாலும் மீண்டு வளருமாறு ஞானத்தோடு அமைத்தான் என்பதே அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கையை உடையவரையே நாத்திகர் வரிசையிற் சேர்த்தது அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது.

அதே ஆண்டில் நீர்ப்பை நோய் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. சத்திரசிகிச்சையும் வேண்டியதாயிற்று. மயக்கமருந்து அறியாத காலம் அது. அவ்வேதனையினிடையே கிர்வனுடைய எழுத்து அவர் கைக்கு எட்டியது. அதுவரை நூலை விரித்தெழுதி வெளியிடுதற்கு நண்பர் வற்புறுத்தியும் தாழ்த்தி வந்தவர், உடனே கையெழுத்துப் படிகளை எடுத்து வேலையைத் தொடங்கினார். 1795 ஆம் ஆண்டில் அவருடைய பெருநூல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

ஆயின் அந்நூல் எளிதிற் படிக்கத்தக்கதன்று. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்தது. பிரெஞ்சு நூல்களிலிருந்து நெடிய பகுதிகள் மொழிபெயர்க்கப்படாமலே அதில் இடம்பெற்றன. நண்பரோடு பேசும்போது தெளிவும் நகைச்சுவையும் உடையவர், எழுதப் புகுந்தவுடன் சிக்கலில் அகப்பட்டார். நல்ல கருத்தும் நல்ல நடையின்றேற் பிறரைச் சென்றடைதல் அரிது என்பதை எழுதுவோர் யாவரும் இதனால் உணரலாம். மூன்றாம் பாகம் அவர் காலத்தில் வெளிவரவில்லை. கையெழுத்துப் படியிற் கிடைத்த பகுதி 1899 ஆம் ஆண்டிலேயே அச்சாயிற்று. உழவுத் தொழிலைப் பற்றிய நூலொன்றை எழுதிக்கொண்டிருந்த நிலையில், 1797 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26 ஆந் தேதி ஹற்றன் உயிர்நீத்தார். அவர் உடல் எடின்பரோவின் கிரேபிரையர்ஸ் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது.

நண்பர் செய்த கைம்மாறு

நல்ல நட்பின் பயன் ஒருவர் இறந்த பின்னரும் தொடர்வது. பிளேபெயர், ஹற்றனுடைய கொள்கையை இனிய தெளிந்த நடையில் எழுதி 1802 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஹற்றனை அறியாத பலர் அந்நூல் வாயிலாகவே அவரை அறிந்தனர். சேர் ஜேம்ஸ் ஹோல் வேறொரு வகையில் உதவினார். கரும்பாறையை உலையில் உருக்கி மெல்ல ஆறவிட்டால் அது கண்ணாடியாகாது மீண்டும் கல்லாதலையும், சுண்ணக்கல்லைத் துப்பாக்கிக் குழாயில் அடைத்து அழுத்தத்தின்கீழ்ச் சூடாக்கினால் அது நீறாகாது சலவைக்கல் போன்று இறுகுதலையும் செய்துகாட்டினார். இயற்கையின் பெருந்தொழிலைச் சிறு மூசையில் அளக்கலாகாது என்னுங் கருத்துடையவர் ஹற்றன். ஆதலின் அவர்பால் வைத்த மதிப்பினால், அவர் இறக்கும்வரை ஹோல் இச்சோதனைகளை வெளியிடாது காத்திருந்தார்.

ஹற்றன் மறைந்த அதே 1797 ஆம் ஆண்டிற் பிறந்தவர் சார்ள்ஸ் லயெல். அவர் 1830 முதல் 1833 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட நூல், ஹற்றனுடைய வழியை உலகறியச் செய்தது. அந்நூலைக் கப்பலிற் கொண்டுசென்ற இளைஞரே சார்ள்ஸ் டார்வின். 1835 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 20 ஆந் தேதி சிலி நாட்டிற் பெருநடுக்கம் நிகழ்ந்தபோது டார்வின் அங்கே இருந்தார். கரைப்பாறைகள் கடலுக்கு மேல் எழுந்து, அவற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் அழுகிக் கிடந்தன. நிலம் உயருமென ஹற்றன் உய்த்துணர்ந்ததை டார்வின் கண்ணாரக் கண்டார்.

பின்வந்தோர் கண்டவை

ஹற்றன் கூறியன யாவும் பிழையற்றன அல்ல. மணல் பாறையாதற்கு உருக்கும் வெப்பம் வேண்டுமென அவர் எண்ணினார். நீரிற் கரைந்துள்ள பொருள்கள் மணற்றுகள்களைப் பிணைத்தலும் மேற்பாரமுமே போதுமெனப் பின்னர் அறியப்பட்டது. சிக்கர் முனையின் செம்மணற்கல் கடலிலன்றி வறண்ட நிலத்து ஆறுகளாற் படிந்ததென்றுங் கண்டனர். நிலத்தை உயர்த்தும் விசையின் இயல்பை அவர் அறிந்தாரில்லை. உலகின் உள்வெப்பத்துக்குக் கதிர்த்தொழிற்பாடு ஒரு காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டிலே தெளிவாயிற்று. அக்கதிர்த்தொழிற்பாட்டையே கடிகாரமாகக் கொண்டு 1956 ஆம் ஆண்டில் உலகின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டெனக் கணித்தனர். புவியோடு பல தகடுகளாய்ப் பிரிந்து மெல்ல நகர்கின்றதென்பதும், அத்தகடுகள் முட்டுமிடங்களில் மலைகள் எழுகின்றன, நிலம் நடுங்குகின்றது, எரிமலை கக்குகின்றது என்பதும் 1960 ஆம் ஆண்டுகளில் நிலைநாட்டப்பட்டன.

ஆயினும் ஆக்கமும் தேய்வும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்கள் என்ற அவர் கருத்துக்குப் புதிய சான்றுகள் பெருகின. 1963 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐசுலாந்துக்குத் தெற்கே கடலினின்று எரிமலையொன்று எழுந்து சேட்சே என்னுந் தீவாயிற்று. 1967 ஆம் ஆண்டில் எரிமலை ஓய்ந்தபோது அதன் பரப்பு ஏறக்குறைய 2.65 சதுர கிலோமீற்றர். அன்று தொட்டு அலைகள் அதனை அரித்தரித்து ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டன. ஹற்றன் கோடிக்கணக்கான ஆண்டுகளில் வைத்துக் கண்ட வரலாற்றை, இத்தீவிலே ஒரு தலைமுறையினர் தம் கண்ணாற் கண்டனர்.

இன்னொரு சான்றும் உண்டு. அதனை எழுதக் கை நடுங்குகின்றது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26 ஆந் தேதி சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியிற் புவித்தகடு ஒன்று மற்றொன்றின்மீது வழுக்கியது. அவ்வசைவினால் சிமெயுலுவே என்னுந் தீவின் வடமேற்குக் கரை ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் வரை உயர்ந்தது. நீருள் வாழ்ந்த பவளப்பாறைகள் வெளியே தோன்றி வெயிலில் மாண்டன. அதே அசைவு எழுப்பிய பேரலையே ஈழக்கரையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. ஓரிடத்தில் நிலம் எழுந்த அதே நாளில் நம் கரைகளில் ஊர்கள் அழிந்தன.

இவ்விடத்தில் ஹற்றனோடு நாம் முற்றும் உடன்படுதல் இயலாது. உலகின் அமைப்பு முழுவதும் உயிர்களின் நலத்துக்கே என்று அவர் அமைதி கண்டார். பிள்ளையை அலைக்குப் பறிகொடுத்த தாய்க்கு, எங்கோ ஒரு தீவு ஒன்றரை மீற்றர் உயர்ந்தது என்னுஞ் செய்தி ஆறுதலாகுமா? ஆகாது. ஆயினும் அவர் கற்பித்த பாடத்தில் ஒரு பகுதி அத்தாய்க்கும் உரியதே. நிலம் நடுங்குதல் எவருடைய பாவத்துக்கும் தண்டனையன்று, மாண்டோர் குற்றவாளிகளுமல்லர். லிஸ்பன் நகரத்து மக்களைப் பழித்தவர்போல நம்மிடையேயும் அன்று பழித்தவர் இருந்தனர். மழை வயலை அரித்தலும், உறைபனி கல்லைப் பிளத்தலும் எவ்வாறு இயற்கையின் தொழிலோ, நிலம் அசைதலும் அவ்வாறே. இதனை உணர்ந்தவர், வீழ்ந்தாரைப் பழியார்; அடுத்த அலை வருமுன் மேட்டுக்கு ஏறும் வழியைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பர்.

ஹற்றனுடைய அடக்கத்தலத்தில் அவர் பெயர் பொறித்த கல் நெடுங்காலம் இருந்ததில்லை. அவர் இறந்து 150 ஆண்டுகள் சென்ற பின்னர், 1947 ஆம் ஆண்டிலேயே அங்கே நினைவுக்கல் பதிக்கப்பட்டது. கற்களின் வரலாற்றை உலகுக்கு உரைத்தவருக்கு ஒரு கல் கிடைத்தற்கு இத்துணைக் காலஞ் சென்றது வியப்பே. அவரோ அதனைப் பொருட்படுத்தியிரார். எத்துணை ஆழமாகப் பொறித்தாலும் எழுத்தை மழை தேய்க்கும் என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? அடுத்த மாரியில் வாய்க்கால் கலங்கி ஓடும்போது, மாணாக்கரை அழைத்து அந்நீரைக் காட்டி, அம்மண் எங்கிருந்து வந்தது, எங்கே போகின்றது, போய் என்னாகும் என்று வினாவுவோமாயின், அதுவே அக்கமக்காரருக்கு நாம் செய்யத்தக்க நினைவாகும்.